பிழைத்தவனின் கதை: பிலிப் றொத்தின் ‘எக்ஸிற் கோஸ்ற்’ நாவல் பற்றி ஒரு நோக்கு

நோயை இலக்கியம் நெடுங்காலமாகவே தன் பொருளாகக் கொண்டு வந்துள்ளது. தோல்ஸ்தோயின் இவான் இலியிச் (1886) சாவை எதிர்நோக்கிப் படுக்கையிற் கிடந்தான். தோமஸ் மானின் ‘மாயமலை’ (1924) சயரோக விடுதியொன்றையே ஐரோப்பாவின் குறியீடாக்கியது. எனினும் இத்தகைய ஆக்கங்களிற் பெரும்பாலானவை நோயின் இரு முனைகளுள் ஒன்றிலேயே நிலைகொள்வன. நோயாளி இறக்கிறான், அன்றேல் குணமடைகிறான். இறந்தால் அவலம், குணமடைந்தால் கதை முடிவு. சிகிச்சை வெற்றிபெற்று, நோய் நீங்கி, உயிர் தங்கி, அந்தச் சிகிச்சையே உடலில் விட்டுச்சென்ற சேதத்தோடு பத்துப் பதினைந்து ஆண்டுகள் காலந்தள்ளும் மனிதனுக்கு இலக்கியத்தில் அரிதாகவே இடம் கிடைத்துள்ளது. அவன் நோயாளியுமல்லன், முழுச் சுகதேகியுமல்லன். வைத்தியர் அவனைக் குணமடைந்தவர்களின் பட்டியலிற் சேர்த்துவிடுகிறார். உறவினர் கடவுளுக்கு நன்றி செலுத்திவிட்டுக் கலைந்துபோகின்றனர். அவனுடைய உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்குகிறது.

இத்தகைய மனிதனொருவனைத் தன் நடுநாயகமாகக் கொண்டு எழுந்த நாவல் என்பதாலேயே அமெரிக்க எழுத்தாளர் பிலிப் றொத் (1933–2018) எழுதி 2007இல் வெளிவந்த ‘எக்ஸிற் கோஸ்ற்’ தனித்து நோக்கத்தக்கது. தலைப்பை ‘ஆவி மறைகிறது’ எனத் தமிழாக்கலாம். சேக்ஸ்பியரின் நாடகங்களில் ஆவி மேடையைவிட்டு அகலும்போது வரும் குறிப்பு அது. 1979இல் ‘த கோஸ்ற் றைற்றர்’ நாவலுடன் தொடங்கிய நதன் சக்கர்மன் வரிசையின் இறுதி நூலும் இதுவே. முதல் நூலில் இருபத்துமூன்று வயது இளம் எழுத்தாளனாக, மூத்த எழுத்தாளர் லொனொவின் வீட்டுக்கு ஆசிபெறச் சென்ற சக்கர்மன், இறுதி நூலில் எழுபத்தொரு வயதினன். புரொஸ்ரேற் சுரப்பியிற் கண்ட புற்றுநோய்க்காகப் பொஸ்ரன் நகரிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன். நோய் மீளவில்லை. ஆயின் சிறுநீர் கட்டுப்படுவதில்லை, உடலுறவு இயலுவதில்லை.

நாவலைப் புரிந்துகொள்வதற்கு உடற்கூறு சிறிது தெரிந்திருத்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் முன்னிற்குஞ்சுரப்பி எனப்பெறும் இவ்வுறுப்பு சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து அமைந்துள்ளது. ஆணுறுப்பின் விறைப்புக்குக் காரணமான நரம்புகள் அதன் இருமருங்கும் ஒட்டியே செல்கின்றன. எனவே சுரப்பியை முற்றாக அகற்றும்போது சிறுநீரைத் தடுத்துநிறுத்தும் தசையும் இந்நரம்புகளும் ஊறுபடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. 1904இல் ஹியூ யங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் போல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இச்சுரப்பியை முற்றாக அகற்றினார். அதே வைத்தியசாலையிற் பற்றிக் வோல்ஷ் நரம்புகளைக் காக்கும் முறையைக் கையாண்டது 1982இலேதான். இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகளில் உயிர் பிழைத்தவர்கள் தம் ஆணியல்பைப் பெரும்பாலும் விலையாகக் கொடுத்தே பிழைத்தனர். அவர்களுள் எவரும் அதனைப் பெருங்கதையாக்கவில்லை. மற்றொரு சிகிச்சை வழி ஓமோனைச் சார்ந்தது. ஆணோமோனை ஒடுக்கினால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்பதைச் சாள்ஸ் ஹகின்ஸ் 1941இல் எடுத்துக்காட்டி, 1966இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பக்கவிளைவுகள் வேறு: உடலெங்கும் திடீரெனப் பரவும் வெப்பம், மார்பகம் பருத்தல், எலும்பு நலிதல், ஓயாத களைப்பு, இச்சையே அற்றுப்போதல்.

நாவலாசிரியருக்குச் சார்பாகப் பேசுவோர் மறந்துவிடும் ஒரு செய்தியையும் இவ்விடத்துக் கூறிவைத்தல் தகும். சத்திரசிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் ஓராண்டளவிற் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைப் பெருமளவு மீளப் பெறுகின்றனர். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியும் இதற்கு உதவுகிறது. பாலியல் ஆற்றலின் இழப்பே கூடுதலானோரிடம் நிலைத்துநிற்பது. ஆகவே சக்கர்மன் சராசரி நோயாளியல்லன். இரண்டு இழப்புகளையும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் அடைந்த சிறுபான்மையினன். நாவலைத் தகவல் நூலாக வாசிப்பவர் வீண் அச்சத்துக்கு ஆளாவர். ஆனால் நாவல் புள்ளிவிபரம் அன்று.

சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட ‘இல்னஸ் அஸ் மெற்றபர்’ என்ற சிறுநூலில், சயரோகம் காதலோடும் ஆன்மிக மென்மையோடும் இணைக்கப்பட்டபோது, புற்றுநோய் வெட்கத்துக்குரியதாக ஒதுக்கப்பட்டதை விளக்கினார். வெளியிற் சொல்லக் கூசும் உறுப்புகளைப் பற்றுவதே அதற்கு ஒரு காரணம் என்று அவர் காட்டும் வரிசையில் இச்சுரப்பியும் இடம்பெறுகிறது. சொன்ராக்கின் நோக்கம் நோயை உருவகங்களிலிருந்து விடுவிப்பது. றொத் செய்வது அதற்கு ஏறத்தாழ எதிரானது. எனினும் இருவரும் ஒரே இடத்திலிருந்தே புறப்படுகின்றனர்: மறைக்கப்பட்டதை மறைக்கப்பட்டதாகவே விடலாகாது என்னும் இடம் அது.

கதை சுருக்கமானது. நியூயோர்க்கைவிட்டு விலகி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பேர்க்ஷயர் மலைப்புறத்திற் பதினோராண்டு தனித்து வாழ்ந்த சக்கர்மன், 2004 ஒக்ரோபர் இறுதியில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர், அந்நகருக்கு வருகிறான். காரணம் ஒன்றே. சிறுநீர்ப்பையின் கழுத்துப்புறத்தில் கொலஜன் என்ற புரதத்தை ஊசிவழி செலுத்தி ஒழுக்கைக் குறைக்கலாம் என அங்குள்ள வைத்தியர் நம்பிக்கை தந்திருக்கிறார். வந்தவிடத்தில் லொனொவின் முன்னாட் காதலி ஏமி பெலற்றை மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சையின் தழும்போடு காண்கிறான். வீட்டை மாற்றிக்கொள்ள விரும்பும் இளந்தம்பதியரின் விளம்பரத்தைப் பார்த்து அவர்களிடம் செல்கிறான். அவ்விளம் மனைவி ஜேமி லோகன்மீது மையல் கொள்கிறான். லொனொவின் இளமைக்கால இரகசியமொன்றைத் தோண்டி வாழ்க்கை வரலாறு எழுத முனையும் கிளிமன் என்ற இளைஞனோடு மோதுகிறான். தேர்தலிற் புஷ் வெல்கிறார். சில நாட்களில் எல்லாம் முடிந்து, சக்கர்மன் மலைக்குத் திரும்புகிறான்.

நாவலின் வலிமை இந்நிகழ்ச்சிகளில் இல்லை. அன்றாடத்தின் சின்னஞ்சிறு ஒழுங்குகளை அது கூச்சமின்றிப் பதிவுசெய்யும் பாங்கிலேயே உள்ளது. பிளாஸ்ரிக் உள்ளாடை, அதனுள் வைக்கும் பஞ்சு அணை, அதனை எத்தனை மணிக்கொருமுறை மாற்றுவது, பிறர் வீட்டுக்குச் சென்றால் எங்கே மாற்றுவது, மணம் வெளிவருகிறதா என்ற ஓயாத ஐயம் — இவையெல்லாம் உலக நாவலில் இவ்வளவு விரிவாக முன்னர் இடம்பெற்றனவா என்பது ஐயமே. கல்லூரி நீச்சற்குளத்திலே பிறரறியாமல் நீந்துவதற்காக நீச்சலுடையின் உள்ளே அந்தப் பிளாஸ்ரிக் ஆடையையும் அணிந்துகொண்டு இறங்கும் முதியவனின் சித்திரம் எளிதில் மறக்கக்கூடியதன்று. இங்கே பரிதாபம் கோரப்படவில்லை; கணக்குக் கொடுக்கப்படுகிறது. பழகிப்போயிற்று என்று அவன் தன்னைத்தானே நம்பவைத்திருந்த ஒன்று அது.

இந்தப் பழகிப்போதலைக் குலைப்பது எது என்ற வினாவுக்கு றொத் தரும் விடையே நாவலின் மிக நுண்ணிய பகுதி. நோய் குலைக்கவில்லை, நம்பிக்கையே குலைக்கிறது. கொலஜன் ஊசி ஏற்றப்பட்ட மறுகணமே, ஒழுக்கு நின்றுவிடும் என்ற எண்ணம் தோன்றிய மறுகணமே, ஒன்பது ஆண்டுகளாக அடங்கிக்கிடந்த ஆசைகள் யாவும் மேலெழுகின்றன. சிறுநீர் கட்டுப்பட்டால் நகரத்தில் வாழலாம், நகரத்தில் வாழ்ந்தால் பெண்ணை விரும்பலாம், விரும்பினால்... ஒரு சிறு ஊசியிலிருந்து முழு வாழ்வையும் மீட்டுக்கட்ட முனைகிறது மனம். கொலஜனை உடல் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும், பயன் தற்காலிகமானது, ஊசியைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது மருத்துவ உண்மை. றொத் இச்சிகிச்சையைத் தெரிவுசெய்தது தற்செயலாக இருத்தல் முடியாது. கரைந்துபோகும் பொருளினாற் கட்டிய அணை என்பது நாவல் முழுவதற்கும் பொருந்தும் படிமமாகிறது. இதனை எந்த இடத்திலும் விளக்கி உரைக்காமல் விட்டமை ஆசிரியரின் முதிர்ச்சிக்குச் சான்று.

இவ்வளவும் பாராட்டுக்குரியன. ஆயினும் நாவல் தன் பொருளை முற்றாக எதிர்கொள்ளவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. அக்குறையை விளங்கிக்கொள்வதற்கு வேறிரு நூல்களை அருகில் வைத்து நோக்குதல் பயன்தரும்.

முதலாவது, கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோட் 1980இல் வெளியிட்ட ‘த கான்சர் ஜேர்னல்ஸ்’. மார்பகமொன்றை இழந்த லோட், செயற்கை மார்பகத்தை அணிய மறுத்தார். அந்தப் பொய்யுறுப்பு பிறரின் வசதிக்காகவே அணியப்படுகிறது. அதனை அணிந்த பெண்கள் ஒருவரையொருவர் அடையாளங்காண முடியாது போய்விடுகின்றனர். தனித்தனியாகத் தம் துயரை அனுபவிக்கின்றனர் என்பது அவர் வாதம். சக்கர்மனின் பிளாஸ்ரிக் உள்ளாடையும் இத்தகைய ஒரு பொய்யுறுப்பே. அதுவும் அவனைப் பிறரிடமிருந்து மறைக்கிறது. அவனைப் போன்ற பிறரையும் அவனிடமிருந்து மறைக்கிறது. உலகில் மிகப் பரவலாக ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் ஒன்று இது. அவ்வாறிருக்க, நியூயோர்க் போன்ற பெருநகரின் வீதியொன்றில் அவனுக்கு எதிரே நடந்துவந்தோருள் எத்தனை முதியவர்கள் அதே உள்ளாடையை அணிந்திருந்திருப்பர்! சக்கர்மனுக்கு அந்த எண்ணம் தோன்றுவதில்லை. ‘அமெரிக்கன் பாஸ்ரோறல்’ (1997) நாவலில் இதற்கான வாயில் திறந்தே இருந்தது. எவ்வித வடுவுமற்றவனாகத் தோற்றிய ‘சுவீட்’ லிவொவ் இதே நோயால் இறந்துபோனான் என்பதை அதிற் சக்கர்மன் காலந்தாழ்த்தியே அறிகிறான். ஒரே நோயைச் சுமந்த இரு ஆண்கள் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்தும் ஒருவனிடம் மற்றவன் மனந்திறக்கவில்லை. அந்த மௌனத்தின் சமூக வேர்களை ஆராய்ந்திருக்க வேண்டிய இறுதி நாவல், அதனை ஒரு தனிமனிதனின் விதியாகச் சுருக்கிவிடுகிறது.

பெண்கள் தம் நோயைப் பேசத் தொடங்கியபோது அவர்களுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. ஆண்களுக்கு அத்தகைய இயக்கம் எழவில்லை. ஆண் என்பவன் பேசவேண்டியதில்லை, ஆள்பவனுக்கு விளக்கம் எதற்கு என்ற மனப்பாங்கே காரணம். தமிழில் இந்நாவலைப் பற்றி எழுத முனைபவருக்கு இவ்வுண்மை முதல் வாக்கியத்திலேயே தடைக்கல்லாக வந்து நிற்கும். சக்கர்மனின் நிலையை எச்சொல்லாற் குறிப்பது? ‘ஆண்மைக்குறைவு’, ‘ஆண்மையின்மை’ என்பனவே வழக்கிலுள்ளன. பத்திரிகை விளம்பரங்களும் இச்சொற்களையே கூவி விற்கின்றன. ஆனால் ஆண்மை என்பது தமிழில் வீரம், ஆளுந்தன்மை, உறுதி. வள்ளுவர் ‘பேராண்மை’ என்ற சொல்லை ஓரிடத்திற் களத்துத் தறுகண்மைக்கும், மற்றோரிடத்திற் பிறர் மனைவியை விரும்பாத ஒழுக்கத்துக்கும் வழங்கினார். அவ்வளவு அகலமான சொல்லை ஒரு நரம்பின் தொழிற்பாட்டோடு முடிச்சுப்போட்ட பிற்கால வழக்கு, சத்திரசிகிச்சை மேசையிலிருந்து எழுந்துவரும் மனிதனிடம் ‘உன் உறுப்பு செயலிழந்தது’ என்று சொல்லவில்லை. ‘நீ செயலிழந்தாய்’ என்று சொல்கிறது. விறைப்பின்மை என்று உள்ளதை உள்ளவாறு சொல்லும் மருத்துவச் சொல் இருக்கவே செய்கிறது. அது பாடநூலைத் தாண்டி வெளிவரவில்லை. றொத்தின் ஆங்கிலமும் இக்குற்றத்திலிருந்து விடுபட்டதன்று. ஆற்றலின்மை என்ற பொருள்படும் சொல்லையே அங்கும் வழங்குகின்றனர். சக்கர்மனும் அச்சொல்லைக் கேள்விக்குட்படுத்தாமல் தன்மீது சூட்டிக்கொள்கிறான்.

இரண்டாவது நூல் சொல்செனித்சினின் ‘புற்றுநோய் விடுதி’ (1968). அதன் அரசியல் பற்றி எத்தனையோ சர்ச்சைகள் நிகழ்ந்துள்ளன. அவற்றை இவ்விடத்து மீட்கவேண்டியதில்லை. அந்நாவலின் நாயகன் கொஸ்தோகுளோத்தொவுக்குக் கண்டது வேறு வகைப் புற்றுநோய். ஆனால் அவனுக்கு ஏற்றப்படும் சினெஸ்திரோல் என்பது பெண்ணோமோனின் தன்மைகொண்ட செயற்கை மருந்து. புரொஸ்ரேற் புற்றுநோயாளருக்கு நீண்டகாலம் வழங்கப்பட்ட மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. அதன் விளைவு என்னவாகும் என்பதைத் தாதி சோயாவிடமிருந்தே அவன் அறிகிறான். வைத்தியர்கள் அவனுக்குக் கூறவில்லை. உயிரைக் காப்பதற்காக, நோயாளியைக் கேளாமலே, அவனது உடலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை வைத்தியருக்கு உண்டா? உயிருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம். எந்த அளவுக்குமேல் அவ்விலை மிகையாகும்? சிறைமுகாமையும் நாடுகடத்தலையும் அனுபவித்த அம்மனிதன் கேட்கும் இவ்வினாக்கள் இன்றும் விடையற்று நிற்பன.

சக்கர்மன் இவ்வினாக்களை ஒருபோதும் எழுப்புவதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவனுக்கு என்ன கூறப்பட்டது, அவன் எதற்கு உடன்பட்டான், வேறு வழி இருந்ததா என்பன இந்நாவலிற் பெருமளவுக்குத் தொடப்படாமலே விடப்படுகின்றன. பணமும் புகழும் தனிவீடும் உள்ள அமெரிக்க எழுத்தாளனுக்கு நோய் என்பது தனக்கும் தன் உடலுக்கும் இடையிலான வழக்கு மட்டுமே. மூன்றாம் தரப்பு ஒன்று அங்கில்லை. இஃது அவனுடைய வர்க்க நிலை தந்த சலுகை எனலாம். காலையிற் பஸ் ஏறி வேலைக்குச் செல்லவேண்டியவன், ஒரே கழிவறையைப் பலருடன் பகிர்ந்துகொள்பவன், அணையாடைக்கு மாதந்தோறும் செலவிட வகையற்றவன் இதே ஒழுக்கோடு எவ்வாறு வாழ்வான் என்பதை நாவல் எண்ணிப்பார்க்கவில்லை. எல்லா நாவலும் எல்லாரைப் பற்றியும் பேச வேண்டுமென்பதன்று. ஆயின் தனிமை இந்நோயின் இயல்பு என்பதுபோல நாவல் நம்மை நம்பச்செய்ய முயலும்போது, அத்தனிமைக்கு வாடகை கொடுப்பவர் யார் என்று கேட்கவேண்டியே இருக்கிறது.

மற்றொரு வகையில் இவ்விரு நாவல்களும் வியக்கத்தக்க முறையில் அண்மித்து வருகின்றன. வைத்தியசாலையிலிருந்து விடுபட்ட கொஸ்தோகுளோத்தொவ் தன்னை நேசிக்கும் வைத்தியை வேகாவின் வீட்டுக்குச் செல்லப் புறப்படுகிறான். நெரிசல் மிக்க ட்ராம் வண்டியில் முன்பின் அறியாத பெண்ணொருத்தியோடு உடல் நெருக்குண்டு நிற்கையில், இச்சை தன்னிடம் எஞ்சியிருக்கிறது, இயலுமை எஞ்சவில்லை என்பதை அவன் உணர்கிறான். வேகாவிடம் செல்லாமல், கடிதம் எழுதிவிட்டுப் புகைவண்டியேறிப் போய்விடுகிறான். சக்கர்மனும் இறுதியில் ஓடியே போகிறான். ஆனால் எவ்வளவு வேறுபாடு! கொஸ்தோகுளோத்தொவ் விட்டுச்செல்லும் பெண் உயிருள்ளவள். அவனுக்காக விழித்திருக்கக் கூடியவள். அவனை விடுவிப்பதாக எண்ணியே அவளைவிட்டு நீங்குகிறான். சக்கர்மன் விட்டு ஓடுவது, தானே எழுதிய பெண்ணிடமிருந்து. ஜேமியைச் சந்தித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும், விடுதி அறையிலிருந்து ‘அவனும் அவளும்’ என்ற உரையாடற் காட்சிகளை அவன் எழுதிக்கொள்கிறான். நிகழாத பேச்சுகள் அவை. அவற்றின் கடைசிக் காட்சியில் அவள் தன் விடுதிக்கு வருவதாக ஒப்புக்கொள்கிறாள். உடனே அவன் பொருட்களைக் கட்டிக்கொண்டு மறைந்துவிடுகிறான். கற்பனையில்கூட அவளை உள்ளே வரவிடும் துணிவு இல்லை. நாவலின் உச்சம் இது என்பதில் ஐயமில்லை. உடல் இழந்ததை எழுத்து ஈடுசெய்யும் என்ற பழைய நம்பிக்கையை, வாழ்நாள் முழுவதும் எழுத்தையே நம்பிய ஓர் ஆசிரியர் தம் கையாலேயே முறித்துப் போடுகிறார்.

அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை ஜேமி. முப்பது வயதான, எழுத்தாற்றல் வாய்ந்த, தாக்குதல் நிகழுமோ என்ற பயத்தோடு நகரில் வாழும் அவளைப் பற்றி நாவலின் முடிவில் நாம் அறிவது மிகக் குறைவு. அவள் சக்கர்மனின் இழப்பை அளந்துகாட்டும் அளவுகோலாகவே நிறுத்தப்பட்டிருக்கிறாள். இச்சிகிச்சையின் பக்கவிளைவுகளை அனுபவிப்பவர் நோயாளி ஒருவர் மாத்திரமல்லர் என்பதை அறியாதார் இல்லை. இரவில் படுக்கை விரிப்பை மாற்றுபவள், கணவனின் முகங்கோணாதிருக்கும்பொருட்டுத் தன் விருப்பையும் மறைத்துக்கொள்பவள், அவன் எரிந்துவிழும்போது அது ஓமோனின் குறைவா, குணமா என்று பிரித்தறியாது திகைப்பவள் — அவளுக்கு நாவலில் இடமேயில்லை. சக்கர்மனை மனைவியற்றவனாக, பிள்ளையற்றவனாக அமைத்ததன்மூலம் றொத் இந்தப் பெருங்களத்தை முன்கூட்டியே வேலியிட்டு அடைத்துவிட்டார். ஏமி பெலற் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. தலையிற் தழும்போடு, வறுமையோடு, இறந்துபோன லொனொவோடு பேசிக்கொண்டு வாழும் அம்மூதாட்டி சக்கர்மனைவிட மோசமான நிலையிலுள்ளாள்; ஆனாலும் வெட்கப்படவில்லை. அவள் வரும் பக்கங்களில் நாவலின் மூச்சு சீராகிறது.

வெட்கத்தின் மறுபுறத்தைக் கண்டவர் அனற்றோல் புறோயாட். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் நூல் விமர்சகராயிருந்த இவருக்கு 1989இல் இந்நோய் கண்டது; 1990இல் இறந்தார். நோய்க்காலத்தில் எழுதிய கட்டுரைகள் 1992இல் நூலாயின. நோயாளி தன் நோய்க்கென ஒரு நடையை உருவாக்கிக்கொள்ள வேண்டும், வைத்தியர் நோயாளியை ஒரு நூலைப்போல வாசிக்கத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும் என்றெல்லாம் அவர் எழுதினார். சத்திரசிகிச்சைத் தொப்பியை அழகுற அணியத் தெரியாத ஒரு நிபுணரைத் தமக்கு ஏற்றவரல்லர் எனத் தீர்மானித்ததாகக்கூடக் குறும்போடு பதிவுசெய்துள்ளார். சிலருக்கு இது மேனாமினுக்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நகைச்சுவையும் ஒரு மருந்தாகும் என்பதை அறிந்திருந்தவர் அவர்; ‘எக்ஸிற் கோஸ்ற்’ நாவலில் அந்த நகைச்சுவை வற்றிப்போயிற்று. றொத்தின் ‘த ஹியூமன் ஸ்ரெயின்’ (2000) நாவலின் நாயகன் கோல்மன் சில்க்குக்குப் புறோயாட்டே மூலமென்று பலர் எழுதியதும், 2012இல் றொத் பகிரங்கக் கடிதமொன்றின்மூலம் அதனை மறுத்ததும் தனிக்கதை.

கிளிமனோடு நிகழும் மோதல் ஒன்றில் அந்த இளைஞன் சக்கர்மனைப் பார்த்து, கிழவனே, உன்னிடம் பிணநாற்றம் வீசுகிறது என்ற பொருள்படக் கத்துகிறான். சக்கர்மனோ, இவனுக்கு மரணத்தின் மணம் என்ன தெரியும், தன்னிடம் வீசுவது மூத்திர நெடி மாத்திரமே என்று தன்னுள் எண்ணிக்கொள்கிறான். நாவல் முழுவதிலும் மெய்யான உயர்வு இவ்விடத்திலேயே தென்படுகிறது. மரணத்தின் குறியீடாக்கப்பட்ட ஒன்றை அவன் அதன் இயல்பான பெயரால் அழைத்து, அதன் இயல்பான அளவுக்குக் குறைத்துவிடுகிறான். சொன்ராக் வேண்டிநின்றது இதுவே. றொத் இதனை ஒரு கணத்துக்குமேல் நீடிக்கவிடவில்லை. அடுத்த பக்கங்களிலேயே மீண்டும் அவமானத்தின் மொழிக்குத் திரும்பிவிடுகிறார்.

வேறுவழி அவருக்குத் தெரியாததன்று. ‘த ஹியூமன் ஸ்ரெயின்’ நாவலும் சக்கர்மன் கூறும் கதையே. அதிலும் அவன் இதே சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவன், இதே பஞ்சு அணையை அணிந்தவன். 1998ஆம் ஆண்டுக் கோடைமாலை ஒன்றில் எழுபத்தொரு வயதுக் கோல்மன், அவ்வாண்டு புழக்கத்துக்கு வந்த வயாகராவின் துணையோடு முப்பத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தியிடம் கொண்ட உறவை அவனிடம் மகிழ்வோடு கூறுகிறான். வானொலியிற் பழைய நடனப் பாட்டொன்று ஒலிக்கிறது. கோல்மன் எழுந்து சக்கர்மனை ஆட அழைக்கிறான். பொறாமை கொள்வதற்கு எல்லா நியாயங்களும் உடைய மனிதன், தன் உள்ளாடையையும் அதன் ஈரத்தையும் மறந்து, நண்பனின் வெற்றுமுதுகில் கைவைத்து, வீட்டு முன்றிலில் அவனோடு ஆடுகிறான். யாரும் யாரையும் வெல்லவில்லை, எவரும் ஓடவுமில்லை. பாட்டு முடியும்வரை இருவரும் ஆடுகின்றனர்.